சிறுமூளையின் கவாத்து

சுருளிப்பட்டிப் பக்கம் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை உண்டு. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நின்றாலும் தலை தட்டாத உயரத்தில் பந்தல். பழம் அறுத்து, கொடி கொஞ்சம் ஓய்ந்ததும் கவாத்து தொடங்கும். அண்ணாந்து நின்று, இடது கையால் ஒரு குச்சியை வளைத்துப் பிடித்து, அடியிலிருந்து கண் எண்ணி, விட வேண்டிய கடைசிக் கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளிக் கத்தரியை வைப்பார். 'சடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வருவதற்குள் அவர் பார்வை அடுத்த குச்சிக்குப் போயிருக்கும். கண்ணை ஒட்டி வெட்டினால் கண் காய்ந்துபோகும். அந்தச் சின்ன இடைவெளியை நாற்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் அளந்து பார்த்து வெட்டியதில்லை. பக்கத்துப் பந்தல்காரரோடு தண்ணீர் முறை பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வெட்டுவார். கத்தரி தப்பாது.

ஒரு மாசி மாதக் காலையில் அது தப்பியது. எழுந்து உட்கார்ந்தவருக்கு வீடே சுற்றியது. இரண்டு முறை வாந்தி. 'பித்தம் கெளம்பிருச்சு' என்று பெரியம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். வாசலுக்குப் போக எழுந்தவர், காலை அகட்டி வைத்து, வலப்பக்கச் சுவரைத் தேடித் தேடி நடந்தார். பேச்சும் கொஞ்சம் குழறியது. தெருவில் போன ஒருவர், 'என்னண்ணே, விடியக்காலமே ஏத்தியாச்சா?' என்று கேட்டுவிட்டுப் போனார். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனிதர். அந்தக் கேள்வி அவரை வாந்தியைவிட அதிகம் வாட்டியது. பித்தம் தெளியட்டும் என்று காத்திருந்ததில் மத்தியானம் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அங்கே ஒரு பெண் மருத்துவர் கட்டில் பக்கத்தில் நின்று தன் ஆள்காட்டி விரலை நீட்டினார். 'அய்யா, உங்க மூக்கைத் தொடுங்க. இப்ப என் விரலைத் தொடுங்க. மறுபடி மூக்கு.' இடது கை நேராகப் போய்த் திரும்பியது. வலது கை பாதி தூரம் ஒழுங்காகப் போயிற்று. விரலை நெருங்க நெருங்க அப்படியும் இப்படியும் ஆடி, கடைசியில் அவர் விரலைத் தாண்டிக் காற்றைத் தொட்டது. உள்ளங்கையில் கையை மாற்றி மாற்றித் தட்டச் சொன்னபோது தாளம் சிதறியது. 'என் கையை இறுக்கிப் பிடிங்க' என்றார். பெரியப்பா பிடித்த பிடியில் மருத்துவரே சிரித்துவிட்டார். பலம் அப்படியே இருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: 'கை நான் சொன்னதக் கேக்குது தம்பி. சொன்ன எடத்துல போய் நிக்கத்தான் மாட்டேங்குது.'

சிறுமூளைக் கோளாறைப் பற்றி நான் பின்னால் படித்த எதுவும் இந்த வாக்கியத்தை மிஞ்சவில்லை.

'வலப்பக்கச் சிறுமூளையில ரத்த அடைப்பு' என்றார் மருத்துவர். 'வலது கைன்னா இடது மூளைதானே மேடம்?' என்று கேட்டேன். பள்ளியில் படித்தது அப்படி. 'அது பெருமூளைக்கு. சிறுமூளையில எந்தப் பக்கம் அடியோ, கோளாறும் அதே பக்கம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஏன் அதே பக்கம்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் சிறுமூளைக்குள் வரும் வழியும் வெளியே போகும் வழியும் தெரிய வேண்டும். அதற்கும் முன்னால் அந்த உறுப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பார்ப்பது கஷ்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத்தலையை இரண்டாகப் பிளக்கும்போது கவனித்துப் பாருங்கள். வறுவலுக்காக நாம் வாங்கும் மூளையின் பெரும்பகுதி வழவழப்பான, தடித்த மடிப்புகளாக இருக்கும். அதன் பின்புறத்தில், கழுத்தை ஒட்டி, வேறு வேலைப்பாடு கொண்ட ஒரு சிறு உருண்டை உட்கார்ந்திருக்கும். அதன் மடிப்புகள் மெல்லியவை, நெருக்கமானவை, ஒரு நோட்டுப் புத்தகத்தின் தாள் விளிம்புகளைப் போல. அதுதான் சிறுமூளை. கத்தி அதன் நடுவே இறங்கியிருந்தால் வெட்டுமுகத்தில் ஒரு மரம் தெரியும்: வெள்ளை அடிமரம், வெள்ளைக் கிளைகள், ஒவ்வொரு கிளை நுனியையும் சுற்றிச் சாம்பல் நிற இலைகள். ஐரோப்பிய உடற்கூறியலார் இதைப் பார்த்துவிட்டு 'உயிர் மரம்' என்று லத்தீனில் பெயரிட்டார்கள். வெள்ளைக் கிளைகள் செய்தி கொண்டுபோகும் இழைகள். சாம்பல் இலைகளில் நரம்புச் செல்கள் இருக்கின்றன.

மனிதனுடைய சிறுமூளையும் இதே தச்சுதான். பெருமூளையின் பின்பகுதிக்குக் கீழே, பிடரிக்கு உட்புறம், மூளைத்தண்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இடமும் வலமுமாக இரண்டு அரைக்கோளங்கள். நடுவில் புழு வடிவத்தில் ஒரு மேடு, அதன் பெயர் வெர்மிஸ். எடை ஏறத்தாழ 150 கிராம், மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் கதை தலைகீழ். 2009-ல் பிரேசிலில் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் மூளைத் திசுவைக் கரைத்து, செல் உட்கருக்களை எண்ணினார்கள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள். அதில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில். சிந்தனைக்கும் பேச்சுக்கும் நாம் பெருமைப்படுத்தும் பெருமூளைப் புறணியில் இருப்பது 1,600 கோடிதான். 'சிறு' என்ற அடைமொழியை நாம் மறுபடி யோசிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மடிப்புகளை எல்லாம் விரித்துத் தேய்த்தால் ஒரு கை அகலத்தில், ஒரு மீட்டர் நீளத்தில் மெல்லிய பட்டை கிடைக்கும். பெருமூளைப் புறணியின் பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல் அது.

அந்தப் பட்டையை எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் ஒரே அமைப்பு. பெருமூளையில் பார்க்கும் பகுதி வேறு மாதிரி, கேட்கும் பகுதி வேறு மாதிரி இருக்கும். சிறுமூளையில் அந்த வேறுபாடு மிகக் குறைவு. மூன்று அடுக்குகள் மீண்டும் மீண்டும், ஒரே பயிரைப் போட்ட வயல் போல. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த அமைப்பைச் சொல்லிப் புரியவைக்க நான் ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. காமயகவுண்டன்பட்டியோ அனுமந்தன்பட்டியோ, ஏதாவது ஒரு பந்தலுக்குக் கீழே கூட்டிப்போனால் போதும்.

தரைதான் அடி அடுக்கு. அங்கே கோடி கோடியாகக் குறுணைச் செல்கள். குறுணை மருந்து போலப் பொடிப்பொடியாக இருப்பதால் அந்தப் பெயர் அவற்றுக்குப் பொருந்துகிறது. 6,900 கோடியில் மிகப் பெரும்பாலானவை இவைதான். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து குட்டைக் கைகள். வெளியிலிருந்து செய்தி கொண்டுவரும் பாசி இழைகள் அந்தக் கைகளில் வந்து சேர்கின்றன. நுண்ணோக்கியில் பாசி படர்ந்ததுபோலத் தெரிந்ததால் ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் வைத்த பெயர் அது. குறுணைச் செல்லின் செய்தியைக் கொண்டுபோகும் இழையான ஆக்சான் அடியிலிருந்து நேராக மேலே ஏறுகிறது. பந்தல் உயரத்தை அடைந்ததும் என்ன செய்கிறது? நாம் திராட்சைக் கொடியை என்ன செய்ய வைக்கிறோமோ அதைத்தான். கொடி கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, இரண்டு பக்கமும் கை பிரிய விடுகிறோமே, அதேபோல இடமும் வலமுமாகப் பிரிந்து, மற்ற லட்சக்கணக்கான இழைகளோடு ஒரே திசையில் கம்பி கம்பியாக ஓடுகிறது. இவற்றுக்கு இணை இழைகள் என்று பெயர். மேல் அடுக்கு முழுக்க இவற்றின் ஓட்டம்தான்.

இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே ஒற்றை வரிசையில் நிற்கின்றன பர்கின்ஜி செல்கள். செக் நாட்டு யான் பர்கின்யே 1837-ல் பிராகில் நடந்த கூட்டத்தில் இவற்றை விவரித்தார். நரம்பு மண்டலத்தில் தனியாக அடையாளம் காணப்பட்ட முதல் செல்களில் ஒன்று இது. பூசணி விதை போன்ற உடல். அதிலிருந்து மேல் அடுக்கில் பரவும் கிளைகள். அந்தக் கிளைகள் மரம் போல நாலாபக்கமும் விரிவதில்லை. பனையோலை விசிறியைப் போல ஒரே தளத்தில் தட்டையாக விரிகின்றன. விசிறியின் முகம் இணை இழைகளுக்குக் குறுக்கே நிற்கிறது. கம்பிகளுக்குக் குறுக்கே வரிசையாக விசிறிகளைச் செருகி வைத்ததுபோல. ஒவ்வொரு கம்பியும் பல விசிறிகளைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு விசிறியையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பிகள் துளைக்கின்றன. ஒரே ஒரு செல்லுக்கு ஒரு லட்சம் தகவல்காரர்கள். உடம்பில் வேறு எந்த நியூரானும் இத்தனை பேருக்குக் காது கொடுப்பதில்லை.

1888-ல் கஹால் இந்தத் தோட்டத்தை, பறவைகளின் சிறுமூளையில், வெள்ளி உப்புச் சாயத்தில் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தார்: நரம்புகள் ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனிச் செல், அவை தொட்டுக்கொள்கின்றன, ஒட்டிக்கொள்வதில்லை. நவீன நரம்பியல் முழுவதும் அதன்மேல் எழுந்தது. சாயத்தைக் கண்டுபிடித்த இத்தாலியர் கோல்ஜி அதை ஏற்கவே இல்லை. 1906-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பந்தலில் இன்னொரு கொடியும் உண்டு. சின்னமனூர் வெற்றிலைத் தோட்டத்தில் அகத்தி மரத்தைச் சுற்றி வெற்றிலைக் கொடி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பர்கின்ஜி செல்லின் கிளைகளிலும் அப்படி ஒரே ஒரு இழை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஏறு இழை என்று சொல்லலாம். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் இருபுறமும் புடைத்திருக்கும் ஆலிவ் என்ற நரம்புத் திரளில் இருந்து அது வருகிறது. ஒரு மரத்துக்கு ஒரு கொடி என்பது அங்கே கண்டிப்பான விதி. இணை இழைகள் லட்சம் பேர் முணுமுணுப்பவர்கள் என்றால், ஏறு இழை ஒற்றை ஆள் போடும் கூப்பாடு. ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவைதான் அது பேசும். பேசினால் பர்கின்ஜி செல் அடியோடு அதிரும்.

இவ்வளவையும் கேட்ட பர்கின்ஜி செல் கடைசியில் என்ன சொல்கிறது? இங்கேதான் நான் படிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: 'வேண்டாம்.' காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து, தனக்குக் கீழே உள்ள செல்லை அடக்குகிறது. சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே வழி பர்கின்ஜியின் ஆக்சான். ஆக, அத்தனை கோடிச் செல்களும் சேர்ந்து வெளியே அனுப்புவது தடையை மட்டுமே.

அந்தத் தடை போய்ச் சேரும் இடம் சிறுமூளையின் வெள்ளைப் பகுதிக்குள் புதைந்திருக்கும் சில திரள்கள். அவற்றில் பெரியது டென்டேட். வெட்டுமுகத்தில் பார்த்தால் நம் ஆத்தாக்கள் இடுப்பில் செருகும் சுருக்குப்பை அச்சு அசல் அதுவே: மடிப்பு மடிப்பாகச் சுருங்கிய சுவர், ஒரு பக்கம் திறந்த வாய். இந்தத் திரள்களில் உள்ள செல்கள் யாரும் தூண்டாமலே துடித்துக்கொண்டிருப்பவை. 'போ, போ' என்பது அவற்றின் இயல்பு. மேலிருந்து பர்கின்ஜி அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. எந்த நொடியில், எந்தச் செல்லின் பிடி எவ்வளவு தளர்கிறது என்பதுதான் கை எங்கே போய் நிற்கும் என்பதை நிர்ணயிக்கிறது. கையைக் கிளப்புவது பெருமூளை. சிறுமூளை அதற்கு 'இவ்வளவு போதும்' சொல்கிறது. பெரியப்பாவிடமிருந்து போய்விட்டது அந்த 'போதும்'. கை கிளம்பியது, பலம் இருந்தது, நிற்கும் இடம் மட்டும் தொலைந்திருந்தது.

இந்தப் 'போதும்' பிறவியிலேயே வருவதில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். எப்படிக் கற்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் டேவிட் மார் 1969-லும், அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-லும் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். ஏறு இழையின் கூப்பாடுதான் வாத்தியார் என்பதில் இருவருக்கும் ஒற்றுமை. கூப்பாடு வரும் நேரத்தில் பேசிக்கொண்டிருந்த இணை இழைகளின் தொடுப்பு வலுப்படும் என்றார் மார். பலவீனப்படும் என்றார் ஆல்பஸ். 1982-ல் ஜப்பானின் மசாவோ இட்டோ சோதனையில் காட்டியது ஆல்பஸ் சொன்னதை. அதாவது: கை தவறிப் போகிறது. ஆலிவ் கத்துகிறது. அந்தத் தவறுக்குக் காரணமாக அப்போது உயிரோடிருந்த தொடுப்புகள் கொஞ்சம் வெட்டப்படுகின்றன. மறுபடி முயற்சி, மறுபடி வெட்டு. ஆயிரம் தடவைக்குப் பிறகு கூப்பாடு அடங்கிவிடும். மிஞ்சி நிற்பதைத்தான் நாம் கைப்பக்குவம் என்கிறோம்.

பெரியப்பா நாற்பது வருஷம் பந்தலில் செய்தது கவாத்து. அதே நாற்பது வருஷமும் அவர் பிடரிக்குள் நடந்ததும் கவாத்து. வலுவடையும் தொடுப்புகளும் உண்டு, கற்றல் பல இடங்களில் நடக்கிறது, ஆய்வாளர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வெட்டித்தான் கற்கிறது என்ற மையக் கருத்து நிற்கிறது.

கவாத்து பச்சைக் குழந்தையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மரத்துக்கு ஒரு கொடி என்றேனே, பிறக்கும்போது அப்படி இல்லை. எலிக்குட்டிகளில் பார்த்திருக்கிறார்கள்: பிறந்த புதிதில் ஒவ்வொரு பர்கின்ஜி செல்லிலும் பல ஏறு இழைகள் போட்டி போட்டு ஏறும். மூன்று வாரத்துக்குள் ஒன்று ஜெயித்து, மற்றவை உதிர்ந்துவிடும். மனிதக் குழந்தையில் குறுணைச் செல்கள் சிறுமூளையின் மேற்பரப்பில் பிறந்து, பர்கின்ஜி வரிசையைத் தாண்டி உள்ளே இறங்குகின்றன. பிறந்து ஓராண்டுக்கு மேலும் இந்த இடப்பெயர்ச்சி நடக்கிறது. பிள்ளை சுவரைப் பிடித்து எழுந்து, தொப்பென்று விழுந்து, மறுபடி எழும் காலமும் அதுவே. கருவில் இருக்கும் மூளையைச் செல் செல்லாகப் பார்க்க இப்போது நம் ஊரிலேயே வழி இருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவின் மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. இணைய வசதி உள்ள எந்தப் பள்ளி ஆசிரியரும் அதைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டலாம். காட்ட வேண்டும்.

இனி வழிகள். சிறுமூளை மூளைத்தண்டோடு ஒவ்வொரு பக்கமும் மூன்று தண்டுகளால் இணைகிறது: மேல், நடு, கீழ். இவற்றில் பருத்தது நடுத்தண்டு, அது உள்ளே வருவதற்கு மட்டும். கீழ்த்தண்டில் பெரும்பாலும் உள்ளே வருபவை. மேல்தண்டு முக்கியமாக வெளியே போவதற்கு.

பெரியப்பா கத்தரியை நீட்ட நினைக்கிறார். இடது பெருமூளையின் இயக்கப் பகுதியிலிருந்து ஆணை கிளம்பி, முகுளத்தின் அடியில் வலப்பக்கம் தாண்டி, தண்டுவடம் வழியாக வலது கைக்கு இறங்குகிறது. அதே நேரத்தில் அந்த ஆணையின் நகல் ஒன்று, பான்ஸ் என்னும் பாலத்தில் இடப்பக்கத் திரள்களுக்கு வருகிறது. லத்தீனில் பான்ஸ் என்றாலே பாலம்தான். அங்கிருந்து இழைகள் குறுக்கே வலப்பக்கம் தாண்டி, நடுத்தண்டு வழியாக வலது சிறுமூளைக்குள் நுழைகின்றன. ஒரு பக்கத்துக்கு மட்டும் இப்படி ஏறத்தாழ 2 கோடி இழைகள். தசைகளுக்கு இறங்கும் ஆணைப் பாதையில் இருப்பவை 10 லட்சம் அளவுதான். செய்யச் சொல்வதற்குப் பத்து லட்சம். 'என்ன செய்யப் போகிறேன்' என்று சிறுமூளைக்குத் தெரிவிக்க இரண்டு கோடி. இயற்கை எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பதில் அதன் முன்னுரிமை தெரிகிறது.

நகல் வந்தால் போதாது, கை உண்மையில் எங்கே இருக்கிறது என்ற செய்தியும் வேண்டும். தசைகளிலும் தசைநாண்களிலும் உள்ள அளவுமானிகள் அதைத் தருகின்றன. காலிலிருந்து வரும் செய்தி தண்டுவடத்தில் கிளார்க் தூண் என்ற இடத்தில் ஆள் மாறி, பக்கம் மாறாமல், கீழ்த்தண்டு வழியாக அதே பக்கச் சிறுமூளைக்கு வருகிறது. கையின் செய்தி முகுளத்தில் ஆள் மாறி அதே தண்டில் சேர்ந்துகொள்கிறது. நரம்பு மண்டலத்திலேயே மிக வேகமான பாதைகளில் இவையும் அடக்கம். பழைய செய்தியை வைத்துக்கொண்டு ஓடும் கையைத் திருத்த முடியாதல்லவா? இவற்றோடு, இடது ஆலிவின் ஏறு இழைகளும் குறுக்கே தாண்டி, வலது கீழ்த்தண்டு வழியாக நுழைகின்றன.

நினைத்ததும் நடந்ததும் பந்தலில் சந்திக்கின்றன. டென்டேட்டிலிருந்து திருத்தம் கிளம்புகிறது. மேல்தண்டு வழியாக ஏறி, நடுமூளையில் இடப்பக்கம் தாண்டி, சில இழைகள் அங்குள்ள சிவப்புக் கருவில் நிற்க, மற்றவை தலாமஸ் என்ற நரம்புத் திரளுக்குப் போய், அங்கிருந்து இடது பெருமூளையின் இயக்கப் பகுதிக்குப் போகின்றன. அந்த இடது பெருமூளைதான் முகுளத்தில் பக்கம் தாண்டி வலது கையை ஆள்கிறது.

மருத்துவர் சொல்லாமல் விட்டுப்போன பதில் இதுதான். கம்பத்திலிருந்து விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகும் பெண்கள் கம்பமெட்டில் எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போகிறார்கள். சாயங்காலம் அதே எல்லையை மறுபடி தாண்டி இறங்குகிறார்கள். இரண்டு தடவை தாண்டியவர் இரவில் தூங்குவது சொந்த வீட்டில். சிறுமூளையின் செய்தியும் நடுமூளையில் ஒருமுறை எல்லை தாண்டி, முகுளத்தில் இன்னொருமுறை தாண்டி, கிளம்பிய பக்கத்துக்கே வந்து சேர்கிறது. வலது சிறுமூளை வலது கைக்கு. 1917-ல் கார்டன் ஹோம்ஸ் என்ற மருத்துவர், போரில் பின்மண்டையில் குண்டு பாய்ந்த சிப்பாய்களைப் பரிசோதித்து இதைத் துல்லியமாக எழுதிவைத்தார். அவர்களில் ஒருவர், நல்ல கை தானாகவே வேலை செய்கிறது, கெட்ட கைக்கு மட்டும் ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாராம்.

நான் சொன்னது கையின் கதை. அது அரைக்கோளங்களின் வெளிப்பகுதி செய்யும் வேலை. நடுவிலுள்ள வெர்மிஸும் அதை ஒட்டிய பகுதியும் உடம்பின் நடுப்பகுதியையும் நடையையும் கவனிக்கின்றன. பெரியப்பா காலை அகட்டி நடந்தது அந்தப் பகுதியும் பாதிக்கப்பட்டதால். அடிப்பக்கம் ஃப்ளாக்குலஸ், நாடுல் என்று இரு சிறு பகுதிகள். பரிணாமத்தில் மிகப் பழையவை. உட்காதின் சமநிலை உறுப்போடு அவற்றுக்கு நேரடி உறவு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது தலை எப்படி ஆடினாலும் எதிரே வரும் லாரியின் பெயரை நம்மால் படிக்க முடிகிறதே, தலை ஒரு பக்கம் திரும்பினால் கண் அதே அளவு மறுபக்கம் திரும்புவதால்தான். அந்த அளவைத் திருத்திக்கொண்டே இருப்பது ஃப்ளாக்குலஸ். சிறுமூளையின் பின்பகுதி யோசனையிலும் பேச்சிலும் உணர்ச்சியிலும் பங்கெடுக்கிறது என்பதை 1998 முதல் அமெரிக்க மருத்துவர் ஜெரமி ஷ்மாமான் போன்றவர்கள் காட்டிவருகிறார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எங்கள் வீட்டில் நடந்த தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை கால் விழும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிறுமூளைப் பக்கவாதத்தில் கை விழுவதில்லை. திடீரென்று தலை சுற்றும், வாந்தி வரும், பேச்சு குழறும், பிடிமானம் இல்லாமல் நிற்கவோ நடக்கவோ முடியாது. ஒவ்வொரு பக்கமும் மூன்று ரத்தக்குழாய்கள் சிறுமூளைக்கு ரத்தம் கொடுக்கின்றன. எது அடைத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பித்தம் என்றும், சாப்பாடு சேரவில்லை என்றும், குடித்திருக்கிறார் என்றும் நாம் நினைத்துக்கொள்வோம். உட்கார்ந்தால் சரி, நின்றால் சாய்கிறார் என்றால் அது வயிற்றுக் கோளாறு ஆகாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சிடி ஸ்கேனில் சிறுமூளை அடைப்பு தெரியாமலும் போகலாம். எம்ஆர்ஐ பெரும்பாலும் அதைக் காட்டிவிடும். சிறுமூளை உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழி இறுக்கமானது. அடுத்த சில நாட்களில் வீக்கம் கண்டால் முன்னால் இருக்கும் மூளைத்தண்டு நசுங்கும், மூச்சே நிற்கலாம். ஆகவே எலுமிச்சம்பழத்தைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்துக் கூடலூரிலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். காத்திருக்க நேரமில்லை.

குடியைப் பற்றித் தெருக்காரர் கேட்டதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சாராயம் முதலில் கைவைக்கும் இடங்களில் சிறுமூளை ஒன்று. தள்ளாட்டமும் குழறலும் அங்கிருந்து வருபவை. வருஷக்கணக்கில் குடித்தால் வெர்மிஸின் மேல்பகுதியில் பர்கின்ஜி செல்கள் செத்துப்போகும். அதற்குப் பிறகு குடிக்காத நாளிலும் நடை தள்ளாடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன் மாத்திரை ரத்தத்தில் கூடினாலும் அதே தள்ளாட்டம். இன்னொரு வகை பரம்பரையாக வருவது. ஸ்பைனோசெரிபெல்லர் அடாக்சியா என்று பெயர்; இதன் பல வகைகளில் மரபணுவில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, பர்கின்ஜி செல்கள் மெல்ல அழிகின்றன. இதன் முதல் வகை ஒரு தமிழ்ச் சமூகத்தில் மிக அதிகமாக இருப்பதை 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. சொந்தத்தில் கல்யாணம் முடித்ததால் வந்த வினை என்று அந்தக் குடும்பங்களை ஊர் பேசும். உண்மையில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே இந்த நோய் வரும், சொந்தத்தில் முடித்தாலும் அசலில் முடித்தாலும். முப்பது வயதில் நடை தடுமாறத் தொடங்கும் ஒருவரை ஊர் குடிகாரர் என்று ஒதுக்குவதைவிடக் கொடுமை வேறில்லை. பெரியப்பாவுக்கு ஒரு காலை நேரத்துக் கேள்வி. அவர்களுக்கு ஆயுள் முழுக்க.

பெரியப்பா பத்து நாளில் வீடு திரும்பினார். வீக்கம் பெரிதாகாமல் தப்பியது. சிறுமூளையின் மிஞ்சிய பகுதிகள் மறுபடி கற்றுக்கொள்ளும் என்றார்கள். நடைப் பயிற்சி கொடுத்த தம்பி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, குதிகாலை நுனிக்காலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். கைக்கு, மணிக்கட்டில் சின்ன மணல் பையைக் கட்டி, டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பாதி தரையில் போகும். பெரியம்மா துடைத்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு சிந்தலும் ஆலிவின் ஒரு கூப்பாடு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் அவர் மறுபடி பந்தலுக்குள் வந்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கத்தரியைக் குச்சிக்குக் கொண்டுபோனார். அது தொட்டு விலகி மறுபடி தொட்டது. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று கண்ணை வாய்விட்டு எண்ணினார். முன்பெல்லாம் எண்ணுவது வெளியே கேட்காது. சடக். கொஞ்சம் கூடுதலாகவே தள்ளி வெட்டியிருந்தார். பக்கத்துப் பந்தல்காரர் வரப்பில் நின்று தண்ணீர் முறையைப் பற்றி ஏதோ கேட்டார். பெரியப்பா திரும்பவில்லை. அடுத்த குச்சியை வளைத்து, எண்ணி, கத்தரியை வைத்து, அது மூடித் திறந்த பிறகு கையை இறக்கிக்கொண்டு கேட்டார்: 'இப்பச் சொல்லு. என்ன கேட்ட?'